வடக்கே போகும் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்

ஸ்டெல்லா, ஜெரோம்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் நீளமாகப் பேச ஆரம்பித்தால் ஒருத்தி "லைன் ஓடுதுப்பா" என்பாள், இன்னொருவன் "சைட்ல இருக்கேன்பா" என்பான். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜெரோம், சுங்கை ஊடாங் சைட்டில் உன் கீழே வேலை செய்கிற ஆறு பேரில் ஒருவனைப் பற்றிச் சொன்னாய். அவன் யாரோடும் பேசுவதில்லை, இடைவேளையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்றாய். பிறகு, "மெண்டல் கேசுப்பா அவன். வடக்க போற பஸ்ல ஏத்திவிட வேண்டியதுதான்" என்றாய். ஸ்டெல்லா சிரித்தாள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்துவிட்டேன். உங்கள் அம்மா மட்டும் கறிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன காரணம் என்று உங்களுக்குத் தெரியாது. ஜெரோமுக்குக் கீழே ஆறு பேர். ஸ்டெல்லாவுக்குப் போன மாதத்திலிருந்து பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஒரு லைன் முழுக்க ஆட்கள். இனிமேல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் வடக்கே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பழைய காலத்திலிருந்தே மனநோய்க்குப் பெரிய மருத்துவமனை இருப்பதால், அந்த ஊரின் பெயரே நம்மிடையே ஒரு வசவாகிவிட்டது. தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாருக்கும் அந்தக் கேலி தெரியும். ஒருவன் கொஞ்சம் மாறி நடந்தால் "அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கவா?" என்போம். இப்போது மலாக்கா பெரிய மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, யாரும் எந்தப் பஸ்ஸும் ஏற வேண்டியதில்லை. கேலி மட்டும் இன்னும் பஸ் ஏறிக்கொண்டே இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முந்திய கதை இது. அப்போது நான் தொழிற்சாலைக் கிடங்கில் ஷிப்டு சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினான்கு பேர். அதில் சேகரன் போர்க்லிப்ட் ஓட்டுபவன். என்னைப் போலவே நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஷிப்டிலேயே பெரிய வாயாடி. மேனேஜர் நடப்பதுபோல் நடந்து காட்டுவான். ஒருநாள் மேனேஜர் பின்னால் நிற்பது தெரியாமல் நடந்து காட்டினான். மேனேஜரே சிரித்துவிட்டார்.

ஒரு மத்தியானம் அவன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, அடுக்கின் மூலையிலிருந்து வந்த ஜுல் என்ற மலாய்க்காரரின் கால்மேல் சக்கரம் ஏறிவிட்டது. இடது பாதத்தில் எலும்பு முறிவு. மூன்று மாதம் மாவுக்கட்டு. கடவுள் புண்ணியத்தில் ஜுல் நன்றாகத் தேறி வந்தார். வந்த முதல் நாளே ஒரு கூடை டுரியான் பழம் கொண்டுவந்து சேகரனிடம் கொடுத்து, "உன்மேல தப்பு இல்லலா, நான்தான் மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தேன்" என்று மலாயில் சொல்லிக் கட்டிப்பிடித்தார்.

நாங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். பிரேக்கைச் சோதித்தோம். மஞ்சள் கோட்டைப் புதிதாக அடித்தோம். மூலையில் வட்டக் கண்ணாடி மாட்டினோம். மேலிடத்துக்கு எழுதி அனுப்பினோம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு "குட்" என்றார். நானும் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சேகரன் வண்டியிலிருந்து இறங்க ஆரம்பித்தான். பின்னால் எடுக்குமுன் இறங்குவான், சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பான், ஏறுவான். சாவியைத் திருப்பிவிட்டு மறுபடியும் இறங்குவான். சரக்கு அடுக்கிய ஒரு பேலட்டை நகர்த்த மூன்று தடவை. லோரிக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். எங்கள் ஆட்கள், "சேகரா, சாவி கீழ விழுந்திடுச்சா, உசுரு விழுந்திடுச்சா?" என்பார்கள். அவனும் சிரிப்பான். மேனேஜர் நடையை மட்டும் யாருக்கும் நடந்து காட்டுவதில்லை. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு மனிதன் புதிதாகச் செய்கிற காரியம் கண்ணில் படுகிறது. செய்யாமல் விட்டது படுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு முன் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசும் கூட்டத்தில், கொள்கலன்கள் தாமதமாகப் போகின்றன என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கோபமாகச் சொல்ல வேண்டாம், சிரிக்கச் சிரிக்கச் சொல்வோம் என்று நினைத்தேன். அது பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன்.

"சேகரா, இன்னிக்கும் மூணு தடவை இறங்கினேன்னா, மலாக்கா செண்ட்ரல்ல போயி நானே உனக்கு டிக்கெட் எடுத்துடுவேன். வடக்க போற பஸ். ஜன்னல் சீட்டு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேகரனும் சிரித்தான். "ஒன்வேயா, ரிட்டனா அண்ணே?" என்று கேட்டான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் நல்ல சூப்பர்வைசர் என்ற நினைப்போடு அன்று வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாதுகாவலர் என்னைப் போனில் கூப்பிட்டார். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள் என்றார். போய்ப் பார்த்தால் சேகரனின் மனைவி விமலா. கையில் நான்காக மடித்த ஒரு கடிதம்.

"அண்ணே, அவருக்குத் தெரியாம வந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன வாரம் திங்கக்கிழமை அவரு உங்ககிட்ட லீவு கேட்டாரா?"

"கேக்கலையேம்மா. எதுக்கு லீவு?"

அவள் கடிதத்தை நீட்டினாள். அரசாங்க கிளினிக் டாக்டர் பெரிய மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிய கடிதம். நாள் குறித்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த புதன்.

"விபத்துலேர்ந்து தூக்கமே இல்லண்ணே. கண்ண மூடினா அந்தச் சத்தம் கேக்குதாம். நான்தான் அழுது புடிச்சி கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். சரி, அண்ணன்கிட்ட லீவு கேக்குறேன்னு கடுதாசிய சட்டைப் பையில வச்சிக்கிட்டுதான் அன்னிக்குக் கெளம்புனாரு. சாயங்காலம் வந்து, போகல விமலா, நான் என்ன பைத்தியமான்னாரு. என்ன நடந்துச்சின்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. ஏண்ணே, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. என்னை நம்பிக் கேட்டாள். நான் சொன்ன வார்த்தையை நான் அவளிடம் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி மறுபடியும் நான்காக மடித்தாள். பிறகு, "விளையாட்டுக்குத்தானே சொன்னீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவள் வந்த உண்மையான காரணத்தைச் சொன்னாள்.

"நேத்து ராத்திரி, நான் இல்லாட்டி நீயும் புள்ளையும் நிம்மதியா இருப்பீங்கன்னு சொன்னாருண்ணே. கோவத்துல சொல்லல. சாதாரணமா, சோறு போதும்னு சொல்ற மாதிரி சொன்னாரு."

அந்த நேரம் சேகரன் வண்டியில் இருந்தான். மதியத்துக்குள் ஒரு கொள்கலன் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் விமலாவைக் காவலர் அறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். வழியில் மேனேஜர் பிடித்துக்கொண்டார். சேகரனைக் கீழே இறக்கப் போகிறேன், அவனுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"கொள்கலன் போனப்புறம் கூட்டிட்டுப் போ. ரெண்டு மணி நேரம்தானே."

ரெண்டு மணி நேரம்தான். அந்தக் கணக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருபத்தேழு வருடம் அந்தக் கணக்கிலேயே ஊறியவன். ஆனால் ஜுல்லின் கால் நசுங்கிய அன்று ரெண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னோமா என்று தோன்றியது. அதை மேனேஜரிடம் கேட்டும்விட்டேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் போனேன். கொள்கலன் தாமதத்துக்காகப் பிறகு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் காட்டுகிறேன்.

சேகரனிடம் போய் இன்னொரு தப்பும் செய்தேன். பதட்டத்தில் முதலில் கையை நீட்டி, "சாவியக் கொடு" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "தெரியும்ணே. ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். வேலையை விட்டுத் தூக்குகிறேன் என்று நினைத்துவிட்டான். ஆளிடமிருந்து எதையும் பிடுங்கும் முன் ஏன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவன் மனசு எங்கே போய் வந்ததோ.

காலி பேலட்டுகள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். விமலா வந்திருக்கிறாள், கடிதத்தைப் பார்த்தேன் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. சுற்றி வளைக்கவும் தெரியவில்லை. நேரே கேட்டேன்.

"சேகரா, செத்துப்போகணும்னு தோணுதா?"

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று நானும் பயந்தவன்தான். அவன் கனமான சாமானை இறக்கிவைப்பவன்போல் மூச்சு விட்டான்.

"ஓட்டும்போது தோணலண்ணே. இறங்கி நிக்கும்போது தோணுது." கொஞ்சம் பொறுத்து, "இதுவரைக்கும் யாரும் கேக்கல" என்றான்.

"நான் கேக்காம விட்டதும் இல்லாம, வாய்க்கு வந்ததையும் பேசிட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

"ஜன்னல் சீட்டுன்னு சொன்னீங்கள்லண்ணே," என்று சொல்லி அழுதான். அழுகைக்கு நடுவே லேசாகச் சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்தது.

அவனைத் தனியே விடவில்லை. கழிப்பறைக்குப் போனபோதும் வெளியே நின்றேன். "அண்ணே, நான் புள்ளத்தாச்சி இல்லலா" என்றான். நான் நகரவில்லை. என் காடியிலேயே, நான் ஓட்ட, மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். குறித்த நாள் தவறிவிட்டதே, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வழியெல்லாம் விமலா செபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கவுண்டரில் ஒரு தமிழ் நர்ஸ். அவர் பெயரைக் கேட்காமல் போனேனே என்று இன்றும் வருத்தம். கடிதத்தையும் அவன் முகத்தையும் பார்த்தார். "இன்னிக்கே பாப்பாங்க. உக்காருங்க" என்றார். நான் சேகரனிடம் தைரியமாக இரு, கடவுளை நம்பு, நீ எவ்வளவு கெட்டிக்காரன் என்றெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, கோவிச்சிக்காதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பக்கத்துல உக்காருங்க, அது போதும்" என்றார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கடினமான வேலை.

பள்ளி விடும் நேரமாகிவிட்டதென்று விமலா பிள்ளையை அழைத்துவரப் போனாள். அவள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நடைபாதையில் ஹமீது பாய் வருகிறார்.

ஹமீது பாய் எங்கள் தொழிற்சாலைக் கேண்டீன் நடத்துபவர். தங்கமான மனிதர். ஆனால் அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால், கல்லில் போட்ட ரொட்டி சானாய் மறுபக்கம் திரும்புவதற்குள் மூன்று ஷிப்டுக்கும் தெரிந்துவிடும். சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். தலைக்கு மேலே மனநலப் பிரிவு என்ற பலகை. சேகரன் எழுந்துவிட்டான். அவன் ஓடப்போகிறான், இனி ஒருநாளும் இங்கே வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துபோனது. அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"என்ன சூப்பர்வைசரே, இங்க? யாருக்கு?" என்றார் பாய். கண் பலகைக்குப் போய்வந்தது.

"எனக்குத்தான் பாய்," என்றேன்.

"உங்களுக்கா?"

"ஆமா. கொஞ்ச நாளா மனசு சரியில்ல. தனியா காடி ஓட்ட வேணாம்னு இவனைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

பாய் என்ன சொல்வதென்று தெரியாமல், "அல்லா காப்பாத்துவான், நல்லா சாப்பிடுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சேகரன் என்னைப் பார்க்கவேயில்லை. முழங்கையையும் இழுக்கவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போனான்.

என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்து கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார்கள். அவனைத் தனியே விடாதீர்கள் என்று, பிள்ளையோடு திரும்பி வந்த விமலாவிடம் விவரமாகச் சொன்னார்கள். எனக்கு வேலை, அவனுக்கு வண்டி ஓட்டாத ஒரு பொறுப்பைத் தேடுவது. சரக்கு சரிபார்க்கும் மேசையில் ஜுல்லோடு உட்காரவைத்தேன். கிளினிக் நாள்களில் அவனுடைய ஷிப்டை மாற்றிவைத்தேன்.

திங்கட்கிழமை நான் கேண்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு ஒரு மேசையிலிருந்து, "சூப்பர்வைசருக்கு டிக்கெட் புக் பண்ணியாச்சா?" இன்னொரு மேசையிலிருந்து, "ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குங்கலா!" நானே செய்து கொடுத்த கேலி. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் உண்மை என்று நினைத்துவிடுவார்களே என்று சிரித்தேன். அப்போதுதான் சேகரன் அன்று எதற்காகச் சிரித்தான் என்று என் மண்டையில் ஏறியது. கிண்டல் செய்தபோது ஒருவன் சேர்ந்து சிரித்தால் அவனுக்கு வலிக்கவில்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் இது நடந்தது. ஒரு லோரிக்காரன் தன் சரக்கு ரசீதில் நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்றுகூடக் கேட்டான். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் நான் வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னிக்கு மாத்திரை போட்டாச்சாண்ணே?" என்றான். பாதிப் பேர் சிரித்தார்கள். சேகரன் முன்னால் வந்தான்.

"மாத்திரை நான்தான் போடுறேன்," என்றான். "டிக்கெட்டு எனக்குத்தான்டா. அவரு எனக்குத் துணைக்கு வந்தவரு. பாய் கேட்டப்ப என் மானத்த காப்பாத்த பொய் சொன்னாரு. ரெண்டு மாசமா நீங்க அவர ஓட்டுறத பாத்துக்கிட்டு நான் பேசாம இருந்தேன். இன்னிக்குத்தான் வாய் வந்துச்சி."

ஜுல்லுக்குத் தமிழ் முழுதாகப் புரியாது. ஆனாலும் வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டார். சேகரன் இரண்டு கையையும் பின்னால் கட்டி, வயிற்றைத் தள்ளி, மேனேஜர் நடையில் நான்கு அடி நடந்து, "என்னா பாக்குறீங்க, வேலையப் பாருங்க" என்றான். சிரிப்பு ஒன்று எழுந்தது பாருங்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரமே வேறு இரண்டு பேர் என்னைத் தனியே பார்த்து, அந்தக் கிளினிக்குக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அவர்கள் யார் என்று உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன். சேகரன் எட்டு மாதம் கழித்து மறுபடியும் வண்டி ஓட்டினான். பின்னால் எடுக்குமுன் அப்போதும் ஒரு தடவை மட்டும் இறங்குவான். ஒரு தடவை இறங்குவது நல்ல பழக்கம் என்று அதை எல்லா ஓட்டுநர்களுக்கும் விதியாக்கிவிட்டேன்.

ஜெரோம், உன் ஆளின் பக்கத்தில் நாளைக்குப் போய் உட்கார். அறிவுரை வேண்டாம். தேநீர் வாங்கிக்கொண்டு போ. ஸ்டெல்லா, உன் லைனில் யார் சிரிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்.

ஒன்று மட்டும் பாக்கி. சேகரன் எல்லார் முன்னாலும் பேசிய அன்று ஷிப்டு முடிந்து ஆட்கள் போனபிறகு, நான் ஆபீசுக்குள் தனியாகப் போய் விபத்துக் கோப்பை எடுத்தேன். அறிக்கையை எழுதியது நான்தான். காயமடைந்தவர்கள் என்ற இடத்தில் ஜுல்லின் பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே இருந்த வெற்று வரியில் சேகரன், ஓட்டுநர் என்று எழுதினேன். அடுத்த கட்டம், காயம்பட்ட உறுப்பு. ஜுல்லுக்கு இடது பாதம் என்று போட்டிருந்தேன். இவனுக்கு என்ன போடுவது என்று வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தூக்கம் என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.